சகலையின் குடைகள்

சகலையை அந்த அலுவலகத்தில் சேர்த்துவிட்டவரே பெரிய மாப்பிள்ளைதான். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே போய் அலுவலகத்தை நடத்தும் மேடத்திடம் சொன்னார்: மனைவியின் தங்கை கணவர், நல்ல மாதிரி, வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள், நம் மென்பொருள் எல்லாம் கொஞ்சம் தெரியும். அந்தக் 'கொஞ்சம்' அவராகச் சேர்த்தது. பின்னாளில் அந்தச் சொல் நினைவுக்கு வரும்போதெல்லாம் தனக்குள் சிரித்துக்கொள்வார். சந்தோஷமான சிரிப்பல்ல.

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் கட்டட வடிவமைப்பு அலுவலகம் அது. மூன்றாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. முதல் நாள் அவனை மேசை மேசையாகக் கூட்டிப்போய், "இவர் என் சகலை" என்று அறிமுகப்படுத்தினார். சாயங்காலத்துக்குள் எல்லோரும் அவனைச் சகலை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வரவேற்பில் இருக்கும் பெண், வாசல் காவலாளி, ஒரு வாரம் கழித்து மேடம்கூட. சகலை என்பது இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் உறவு. அக்காவைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் ஒருவருக்கொருவர் சகலைதான். ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்கு அவன் பெயரில் பட்டா எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. பொதுவாக இருந்த ஒரே சொல்லையும் எடுத்துக்கொண்டானே என்று பெரிய மாப்பிள்ளைக்குத் தோன்றியது. அப்படித் தோன்றுவது நியாயமில்லை என்றும் அவருக்குத் தெரியும். நேரில் "வாங்க சகலை, உட்காருங்க" என்றுதான் பேசுவார். மனசுக்குள் மட்டும் 'அவன்'.

பாராமெட்ரிக் மாடல் என்ற முறையை அந்த அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர் பெரிய மாப்பிள்ளை. ஆறு வருஷம் இருக்கும். இதில் கட்டடத்தைக் கோடு கோடாக வரைய வேண்டியதில்லை. விதிகளைத்தான் எழுத வேண்டும். தூண் இத்தனை உயரம், உயரத்தில் இத்தனை பங்கு கூரையின் சரிவு, பக்கத்துத் தூணுக்கும் இதற்கும் இவ்வளவு வித்தியாசம் என்று. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் கம்பிகள். ஓர் எண்ணை மாற்றினால் கட்டடம் முழுக்கத் தன்னைத்தானே திருத்தி வரைந்துகொள்ளும். முதன்முதலாக அவர் தூணின் உயரத்தை மூன்று மீட்டரிலிருந்து நாலாக இழுத்துக் காட்டியபோது திரையில் எண்பது தூண்கள் ஒரே நேரத்தில் எழும்பின. மேடம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் கூரை என்றால் பெரிய மாப்பிள்ளை.

சகலை வந்த ஐந்தாம் மாதம் ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி. வெளிநோயாளிகள் சீட்டு வாங்குகிற ஜன்னலுக்கு முன்னால் ஒரு திறந்த முற்றம். விடியற்காலையிலிருந்து ஜனங்கள் அங்கே வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு மேல் ஒரு நிழல்கூரை வேண்டும். ஆஸ்பத்திரி நடந்துகொண்டே இருக்கும், முற்றத்தை மூட முடியாது. அதனால் பகுதி பகுதியாகத்தான் கட்ட வேண்டும், ஒவ்வொரு பகுதியும் தனியே நிற்க வேண்டும், பிறகு சேர்க்கச் சேர்க்க ஒன்றாகவும் ஆக வேண்டும். மேடம் இருவரையும் அழைத்து ஆளுக்கொரு திட்டம் போடச் சொன்னார். இரண்டு வாரம்.

இடத்தை அளந்து வந்தது பெரிய மாப்பிள்ளை. டேப்பும் நோட்டுமாக ஒரு நாள் முழுக்க அங்கே நின்றார். பழைய கட்டடத்தின் மொட்டைமாடி வரை ஏறிப் பார்த்தார். அளவுகளைச் சுத்தமாக வரைந்து அலுவலகக் கணினியில் போட்டார். அதை வைத்துத்தான் இருவரும் வேலை செய்தார்கள்.

அவருடைய திட்டம் ஓர் அலை. முற்றத்தின் ஒரு மூலையில் எழுந்து நடுவில் தாழ்ந்து மறுமூலையில் மறுபடி எழும் ஒரே கூரை. பதினான்கு நாளும் அதிலேயே கிடந்தார். திரையில் சுற்றிக் காட்டியபோது வரவேற்புப் பெண் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தாள். கூட்டத்துக்கு மேடம் இரும்புப் பட்டறைக்காரரையும் வரவழைத்திருந்தார். வருஷக்கணக்காக இந்த அலுவலகத்தின் வேலைகளைச் செய்து தருபவர். நெருப்பு பட்டுப் பட்டுக் காய்த்த விரலால் அவர் திரையைத் தொட்டார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எரநூத்திப் பன்னெண்டு தகடு. எல்லாமே வேற வேற அளவு. ஒண்ணைத் தப்பா மாட்டிட்டா அத்தனையும் கழட்டணும். இதுல பகுதி பகுதியா எப்படிக் கட்டறது?"

பிறகு சகலை தன்னுடையதைத் திறந்தான். தலைகீழாக விரித்த குடை. நடுவில் ஒரு தூண், நாலு கை, மேலே நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் சதுரமாக ஒரு தட்டு, பூப்போல உள்பக்கம் குழிந்தது. மழைத் தண்ணீர் குழியில் சேர்ந்து தூணுக்குள் இருக்கும் குழாய் வழியாகக் கீழே போய்விடும். மொத்தம் முப்பத்தாறு குடை, எல்லாம் ஒரே அச்சு. தூணின் உயரத்தில் மட்டும் மூன்று வகை. ஆனால் எந்த இடத்தில் எந்த உயரம், எந்தப் பக்கம் திருப்புவது என்பதை வெயிலின் போக்கைப் பார்த்து மாடலே முடிவு செய்தது. எண்ணை இழுத்தான். முப்பத்தாறு குடைகளும் மெல்லத் திரும்பி, ஒன்றின் விளிம்பு மற்றதன் விளிம்புக்கு மேல் ஏறி, ஓர் அலையாக நின்றன.

பெரிய மாப்பிள்ளை தன் கம்பிகளை நினைத்துக்கொண்டார். அவருடைய மாடலில் நூற்று நாற்பது பெட்டி, சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி. இவனுடையதில் இருபத்திரண்டு. அவர் தேடிய அதே அலை, ஒரே அச்சில் வார்த்த குடைகளிலிருந்து வந்துவிட்டது. கொடுமை என்னவென்றால், அது தன்னுடையதைவிட நல்லது என்று அந்த அறையில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். வேலை தெரியாதவராக இருந்திருந்தால், மேடத்துக்கு ரசனை போதாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

"ஒரே அச்சு, மூணு கால்" என்று பட்டறைக்காரர் சொல்லிக்கொண்டார், மிட்டாய் கிடைத்தவர் மாதிரி. மேடம் சகலையின் தோளில் தட்டினார். பெரிய மாப்பிள்ளையும் கை குலுக்கினார். அவர் கை சில்லென்றிருந்தது என்று சகலை அன்று வீட்டில் சொன்னானாம். ஏசி அதிகமாக வைத்துவிட்டார்கள் என்று அவன் நினைத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். சகலை வாயே திறக்கவில்லை. அவன் மனைவிதான் போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். மாமியார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். கூரைக்குப் போய்க் குடையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்களே என்று மாமனார் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், சகலையும் சிரித்தான். மாமியார் பெரிய மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி பரிமாறியபடியே, "நீங்க சேத்துவிட்ட நேரம், சின்ன மாப்பிள்ளைக்கு நல்லபடியா அமைஞ்சிருச்சு" என்றார். நன்றியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கரண்டிச் சோற்றை அவர் ஓரமாக ஒதுக்கிவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவர் மனைவி, தங்கை முகத்தில் இப்போதுதான் களை வந்திருக்கிறது என்றாள். அவர் சிக்னலைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார்.

பதினாறு வருஷமாக அந்த வீட்டில் அவர்தான் பெரிய மாப்பிள்ளை. எந்தக் காரியத்துக்கும் அவரைக் கேட்பார்கள். இப்போதும் கேட்டார்கள். ஆனால் கேட்டுவிட்டுச் சகலையின் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் எண்ணிக்கொண்டே இருந்தார்.

அடுத்த புதன்கிழமை சகலை அவர் மேசைக்கு வந்து நின்றான். குடைகளில் ஒரு வரிசை பழைய கட்டடத்தின் சுவரை ஒட்டி, சீட்டு ஜன்னலுக்கு நேர் மேலே வருகிறது. அவன் இரண்டு முறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"சகலை, அந்தச் சுவர் அடியில சின்னதா வாய்க்கால் மாதிரி ஒண்ணு இருக்கு. மேலேருந்து தண்ணி ஏதும் விழுதா அங்க? டிராயிங்ல ஒண்ணும் காணோம்."

மேலேயிருந்து தண்ணீர் விழும். பெரிய மாப்பிள்ளைக்குத் தெரியும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மூன்று துவாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். கீழேயிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் நீளமான பெயர்ப்பலகை அவற்றை மறைத்துவிடும். மாடிக்கு ஏறியவர் அவர் ஒருவர்தான். நோட்டில் குறித்திருந்தார், டிராயிங்கில் ஏற்றவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல. அவருடைய அலை அந்தச் சுவரைத் தொடவே இல்லை, அதனால் தேவைப்படவில்லை.

அன்று காலைதான் மேடம் எல்லோர் முன்னாலும், இனிமேல் மாடல் செய்கிற எல்லோரும் சகலையின் மாடலைத் திறந்து பாருங்கள், எப்படி அடுக்கி வைத்திருக்கிறார் என்று கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். 'எல்லோரும்' என்றபோது அவர் கண் ஒரு கணம் பெரிய மாப்பிள்ளைமேல் பட்டது. அல்லது பட்டதாக இவருக்குத் தோன்றியது.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டிராயிங்ல இருக்கறதுதான் சகலை" என்றார்.

"சரி. நன்றி சகலை" என்று அவன் போய்விட்டான்.

பொய் சொல்லவில்லை என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். டிராயிங்கில் இருப்பதுதான் டிராயிங்கில் இருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தார். மத்தியானம் சகலையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு என்று விட்டார். மறுநாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று வரும். ஒரு வாரம் கழித்துச் சொன்னால், ஒரு வாரம் என்ன செய்தீர்கள் என்று வரும். தாமதத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தேடினார், கிடைக்கவில்லை. அதற்குள் டிராயிங்குகள் பட்டறைக்குப் போய்விட்டன.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் தனக்குத் தானேகூட முழுவாக்கியமாகச் சொல்லிக்கொண்டதில்லை. தண்ணீர் வரட்டும். வந்தால் தெரியும். அப்போது யாரைக் கூப்பிடுவார்கள் என்று பார்க்கலாம்.

முதல் ஒன்பது குடைகள் மூன்றே வாரத்தில் எழுந்து நின்றன. எல்லாம் சீட்டு ஜன்னலை ஒட்டியவை. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மீதி இருபத்தேழையும் சீக்கிரம் முடியுங்கள் என்றார். வரிசையில் நின்ற ஜனங்கள் எதுவும் சொல்லவில்லை, நிழலுக்குள் நகர்ந்து நின்றார்கள். அவ்வளவுதான். சகலை அதை ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தான் என்று பட்டறைக்காரர் வந்து சொன்னார். பெரிய மாப்பிள்ளை அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டு மாதம் மழை இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணிக்கு வானம் இருட்டி, பத்தரைக்குக் கொட்டியது. பதினொன்றுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். மேடம் காரை எடுத்தார். சகலை முன் இருக்கையில், பெரிய மாப்பிள்ளை பின்னால். வழியெல்லாம் வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

ஆறு குடைகள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தன. சுவரை ஒட்டிய மூன்றில் மட்டும், மாடித் தண்ணீர் முழுவதும் வந்து விழுந்து, தூண் குழாய் கொள்ளாமல், நாலு விளிம்பிலும் வழிந்தது. வழிகிற மாதிரியும் இல்லை, மூன்று திரை தொங்கவிட்ட மாதிரி. வரிசை சிதறிப்போயிருந்தது. சீட்டு கொடுப்பவர் ஜன்னலை மூடிவிட்டார். ஓடியபோது ஒரு பெண் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, ஊன்றிய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலேயே விழுந்ததால் கட்டுப்போட நேரமாகவில்லை என்று அங்கே ஒரு ஊழியர் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். இத்தனை நாள் பெரிய மாப்பிள்ளை மனசில் ஓட்டிப் பார்த்த காட்சியில் ஆள் யாரும் இருந்ததில்லை. தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

சகலை நனைந்துகொண்டே மூன்று தூண்களையும் தொட்டுப் பார்த்தான். அண்ணாந்து பெயர்ப்பலகைக்குப் பின்னாலிருந்து பாயும் தண்ணீரைப் பார்த்தான். பிறகு மேடத்திடம் வந்தான்.

"என் மாடல்தான் மேடம். நான் பாத்திருக்கணும்."

பெரிய மாப்பிள்ளை பக்கம் அவன் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலமே மேடம் வேலையை மாற்றிக் கொடுத்தார். சகலை கொஞ்ச நாள் வேறு வேலை பார்க்கட்டும், இதை நீங்கள் எடுத்துக்கொண்டு சரிசெய்யுங்கள் என்று பெரிய மாப்பிள்ளையிடம் சொன்னார். எதை வேண்டியிருந்தாரோ அது அப்படியே, கேட்காமலே, கைக்கு வந்துவிட்டது. வீட்டிலும் செய்தி போயிருந்தது. தங்கை போனில் அழுதாளாம். அவள் வீட்டுக்காரர் சாப்பிடவே இல்லை, நீங்களாவது கொஞ்சம் பேசுங்கள் என்று மனைவி கேட்டாள். பேசுகிறேன் என்றார், பேசவில்லை.

மறுநாள் காலை சகலையின் மாடலைத் திறந்தார். திறந்து பாருங்கள் என்று மேடம் சொன்ன நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. பெட்டிகளெல்லாம் குழுக்குழுவாக, தலைப்புப் போட்டு அடுக்கியிருந்தன. தூண். கை. தட்டு. வெயில். கடைசியில், தண்ணீர். அந்தக் குழுவில் ஒரு பெட்டி தனியாக இருந்தது. 'சுவரிலிருந்து விழும் தண்ணீர்' என்று தலைப்பு. மதிப்பு: பூஜ்யம். பக்கத்தில் ஒரு குறிப்பும் தேதியும். 'சகலையிடம் கேட்டேன். டிராயிங்கில் இருப்பதுதான் என்றார்.'

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, துவாரங்களின் அகலத்தையும் மாடியின் பரப்பையும் வைத்து எண்ணைப் போட்டு, அந்தப் பூஜ்யத்தை அழித்துவிட்டு அதை எழுதினார். திரை ஒரு நொடி நின்றது. சுவரோரத் தூண்கள் பருத்தன. குழாய்கள் அகன்றன. அந்த வரிசைக் குடைகள் சற்றே சரிந்து, மிச்சத் தண்ணீரை அடுத்த வரிசைக்குக் கொடுத்தன. அவ்வளவுதான். வேலை முடிந்தது. சரிசெய்ய அவருக்கென்று எதுவுமே மிச்சமில்லை. அதையும் அவன் செய்து வைத்திருந்தான். ஓர் எண் மட்டும் குறைந்தது. அந்த எண்ணைத்தான் இவரிடம் வந்து கேட்டான்.

முதலில் வந்தது வெட்கமில்லை. இதைப் பிறகு மனைவியிடம் சொன்னபோதும் அவர் மறைக்கவில்லை. முதலில் வந்தது கோபம். மழையில் நின்றபோதே அவனுக்கு இந்தக் குறிப்பு நினைவிருந்திருக்கும். மேடத்திடம் ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. இந்த விஷயத்திலும் தன்னைவிட ஒரு படி மேலே போய் உட்கார்ந்துகொண்டானே என்றுதான் அவருக்கு எரிந்தது. குறிப்பின் மேல் மவுஸ் அம்பை வைத்து அழிக்கும் பொத்தானில் விரலை வைத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வரவேற்புப் பெண் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டாள்.

அப்போதுதான் எழுந்தார்.

சகலை கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில், பழைய டிராயிங் சுருள்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். கண் வீங்கியிருந்தது.

"எங்கிட்ட கேட்டதையும், டிராயிங்ல இருக்கறதுதான்னு நான் சொன்னதையும் எழுதி வச்சிருக்கீங்க. மேடத்துகிட்ட ஏன் சொல்லல?"

சகலை ஒரு சுருளை உள்ளே வைத்தான். "என்னன்னு சொல்றது? நீங்க மறந்துட்டீங்க. மறக்கறது யாருக்கும் வரும். உங்களாலதான் நான் இங்க இருக்கேன். போய் உங்க பேரைச் சொல்லச் சொல்றீங்களா?"

அங்கேயே விட்டிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று தலையாட்டினால் போதும். வாசலைத் திறந்து வைத்து அவனே வழி காட்டினான்.

"மறக்கல சகலை. தெரிஞ்சுதான் சொல்லல."

சகலைக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அவன் முகம் மாறியதைப் பெரிய மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை.

"ஏன் வந்து சொன்னீங்க?" என்றான். குரல் உயரவில்லை. "மறந்துட்டீங்கன்னே நெனச்சுட்டு இருந்திருப்பேனே. ராத்திரியெல்லாம் எங்க தப்பு விட்டேன் எங்க தப்பு விட்டேன்னு ஒவ்வொரு பெட்டியா பாத்துட்டு இருந்தேன். அந்தப் பொம்பளைக்குக் கை ஒடஞ்சிருக்கு சகலை." காரின் கதவைச் சாத்தினான். "இப்ப நான் என்ன பண்ணணும்? பரவாயில்லன்னு சொல்லணுமா?"

"வேண்டாம்" என்றார் பெரிய மாப்பிள்ளை. "மேடத்துகிட்ட நான் போறேன்."

போனார். நின்றுகொண்டே சொன்னார். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "ரெண்டு பேரையும் ஒரே வேலையில மோதவிட்டது என் தப்புன்னு நான் சொல்லப் போறதில்ல. இது உங்க தப்பு" என்றார். அதை எழுதித் தரச் சொன்னார். குடை வேலை மறுபடி சகலையிடம் போகும், நீங்கள் இனி அந்த மாடலைத் தொட வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்னோடு வந்து இதே வார்த்தைகளில் சொல்ல வேண்டும் என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

கை முறிந்த பெண் தையல் வேலை செய்பவள். அப்பாவுக்குச் சீட்டு வாங்க வந்தவள். அவளால் தைக்க முடியாத வாரங்களுக்கு அலுவலகம் பொறுப்பு என்று மேடம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய மாப்பிள்ளை அவளைத் தனியாகப் போய்ப் பார்த்தார். என்னால்தான் இப்படி ஆனது என்று ஆரம்பித்தார். அவளுக்கு விளங்கவில்லை.

"நீங்களா தள்ளிவிட்டீங்க?"

"இல்லம்மா. அங்க தண்ணி கொட்டும்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்லல."

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "ஏன்?" என்று கேட்டாள். சண்டையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மேடத்துக்கு எழுதிக் கொடுத்த தாளில் அந்தக் காரணம் ஒரே சொல்லில் இருந்தது. அவள் முகத்துக்கு நேரே அந்தச் சொல் வரவில்லை. அவளே பேச்சை மாற்றி, அப்பாவுக்கு இப்போது தேவலை என்றாள்.

மனைவியிடம் அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"தங்கச்சியும் நானும் ஒரே ரூம்ல வளந்தோம். அவ கலர், அவ மார்க், அவ முடி. எனக்கு அவ மேல பொறாமை வராத நாளே இல்ல. உனக்குத் தெரியுமா அது?" என்றாள். பதினாறு வருஷத்தில் 'நீ' என்று அவள் அவரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆனா அவ நடக்கற வழியில நான் தண்ணி ஊத்தி வைக்கல."

பிறகு துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், பால் தீர்ந்துவிட்டது வாங்கி வாருங்கள் என்றாள்.

சகலை அலுவலகத்தில் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வரும் வாரம் மற்றவர் வருவதில்லை என்று ஆயிற்று. மாமனார் வீட்டில் ஏதோ மனஸ்தாபம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். முழுக்கதையையும் இரண்டு பெண்களும் பெற்றோரிடம் சொல்லவில்லை. மேடம் பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் சைக்கிள் நிறுத்தக் கொட்டகையைக் கொடுத்தார். நேரான கூரை, நேரான தூண். அதற்கு மாடலே தேவையில்லை. இருந்தும் ஒழுங்காகச் செய்தார். மொட்டைமாடி இருக்கிற இடமெல்லாம் ஏறிப் பார்த்து, பார்த்ததையெல்லாம் அன்றைக்கே டிராயிங்கில் ஏற்றினார். குடைகள் பதினெட்டாயின, இருபத்தேழாயின என்று பட்டறைக்காரர் மூலம் காதில் விழும். ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய எரிச்சல் தலைதூக்கியது. போய்விடும் என்று காத்திருந்தார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டால் அதுவும் கூடவே போய்விடும் என்று ஏனோ நினைத்திருந்தார். அது போகவில்லை. குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தது, இது தன் பாட்டுக்கு இன்னொரு பக்கம் இருந்தது.

முப்பத்தாறும் முடிந்த பிறகு ஒரு நாள் மாமியாருக்கு முழங்கால் வலி. வழக்கமாகக் கூட்டிப்போகும் மாமனாருக்குக் காய்ச்சல். சின்ன மாப்பிள்ளை வெளியூரில் இருந்தான். பெரிய மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டுக் கூட்டிப்போனார். சீட்டு வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, ஒரு தூணை ஒட்டிய பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மழை இலேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மேலே முப்பத்தாறு தட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறி, முற்றத்தின் மறுகோடி வரை அலையாகப் போயின. நடுவில் விட்ட சந்துகளில் வெளிச்சம் வந்ததே தவிர ஒரு சொட்டு வரவில்லை. ஓரிடத்திலாவது ஒழுகுகிறதா என்று அவர் தன்னையறியாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். இருபதாவது குடையில்தான், தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. பார்வையைக் கீழே இறக்கினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர், முன்பெல்லாம் இங்கே நிற்கவே முடியாது, இப்போது பரவாயில்லை என்று மாமியாரிடம் பேச்சுக் கொடுத்தார். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க மாப்பிள்ளைங்க செஞ்சதுதான் இது. இதோ இருக்காரே, பெரியவர். இவங்க ஆபீஸ்தான்" என்றார்.

அந்தப் பெரியம்மா மரியாதையாக அவரைப் பார்த்தார். சும்மா இருந்தாலே போதும். மறுத்துச் சொல்ல அங்கே யாருமில்லை. ஒரு கணம் அந்தப் பார்வை அவருக்கு இதமாகக்கூட இருந்தது.

"நான் இல்ல அத்தை" என்றார். அடுத்த வார்த்தை வர நேரமாயிற்று. "சின்ன மாப்பிள்ளை செஞ்சது. முழுக்க அவர் செஞ்சது."

சொன்னபோது வலிக்கத்தான் செய்தது. மாமியார் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஜன்னலில் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். பெரிய மாப்பிள்ளை எழுந்து, மாமியாரின் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் மெல்ல நடந்தார்.